மகளின் டான்சிலில் வெள்ளைக் கட்டிகள்: சீழா, கல்லா? யாரிடம் காட்டுவது?

மழைத்துளி

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 7 வயது. சில நாட்களாகவே அவள் பக்கத்தில் வந்து பேசினால் வாயில் ஒரு வாடை. பல் சரியாகத் தேய்ப்பதில்லை என்று நினைத்து, நேற்று இரவு நானே தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது டான்சிலில் இரண்டு மூன்று வெள்ளைக் கட்டிகள். ஒன்று குண்டூசித் தலை அளவு, இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பெரியது, லேசாக மஞ்சள் பாய்ந்திருக்கிறது. சதைக்குள் புதைந்த மாதிரி இருக்கின்றன, துப்பினாலும் தண்ணீர் குடித்தாலும் அசையவில்லை.

போன வருடம் டான்சில் வீங்கி, நல்ல காய்ச்சலோடு படுத்திருந்தாள். அப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது. அதனால் பயமாக இருக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமியார் விரலில் துணி சுற்றி வழித்துவிடலாம் என்கிறார். கணவர் போன முறை வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் ஃப்ரிட்ஜில் இருக்கிறதே என்கிறார். இது சீழா, வேறு ஏதாவதா? குழந்தை மருத்துவரா, காது மூக்கு தொண்டை மருத்துவரா, யாரிடம் போவது?

தெற்குக்காற்று

சீழ்தான், சந்தேகமே வேண்டாம். எங்கள் பெரியவனுக்கு அச்சு அசல் இதே மாதிரி வந்தது. அமோக்சிசிலின் கொடுத்ததும் போய்விட்டது. சிரப் கையில் இருக்கும்போது எதற்கு அலைச்சல், இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

வார்டு_அக்கா

ஆரம்பிக்காதீர்கள் அம்மா, தயவுசெய்து. காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

முதலில் அந்த சிரப். தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஒன்று, அதிகம் போனால் இரண்டு வாரம்தான். போன வருடத்து பாட்டிலில் மருந்தின் வீரியமே இருக்காது. குப்பையில் போடுங்கள். பாட்டிலில் மிச்சம் இருக்கிறது என்றால் போன முறை முழுதாகக் கொடுத்தீர்களா என்றும் கேட்கத் தோன்றுகிறது, சரி, அது இப்போது வேண்டாம்.

இரண்டாவது, டான்சிலில் தெரிகிற வெள்ளையெல்லாம் சீழ் இல்லை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், விஷயம் வேறு வேறாக இருக்கும். கூட என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஆகவே இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள்: காய்ச்சல் உண்டா (கையை வைத்துப் பார்ப்பது கணக்கில்லை, தெர்மாமீட்டரில்)? விழுங்கும்போது முகம் சுளிக்கிறாளா? தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா? டான்சில் சிவந்து வீங்கியிருக்கிறதா, இல்லை எப்போதும் போன்ற நிறத்தில் வெள்ளை மட்டும் தனியாகத் தெரிகிறதா? இருமல், மூக்கு ஒழுகல்? இரவில் குறட்டை, வாயைத் திறந்து தூங்குவது?

பார்ப்பதற்கு ஒரு வழி: "ஆ" என்று சொல்லச் சொன்னால் பிள்ளைகள் நாக்கைத் தூக்கிக்கொள்வார்கள். நாய் மூச்சு வாங்குகிற மாதிரி "ஹா ஹா" என்று மூச்சுவிடச் சொல்லுங்கள். நாக்கு தானாக இறங்கும். அந்த நேரத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் போகும்போது கட்டி விழுந்திருந்தாலும் படம் பேசும்.

மழைத்துளி

நன்றி அக்கா. "ஹா ஹா" நன்றாக வேலை செய்தது, அவளுக்கும் ஒரே சிரிப்பு. தெர்மாமீட்டரில் 36.8. விழுங்குவதில் வலி இல்லை, வழக்கம்போலச் சாப்பிடுகிறாள், ஓடி ஆடுகிறாள். நெறி எதுவும் கையில் தட்டவில்லை. டான்சில் சிவப்பாக இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் பெரிதாகவே இருக்கிறது. மூக்கடைப்பு அடிக்கடி வரும், வாயைத் திறந்துதான் தூங்குவாள். குறட்டை உண்டு, சளி பிடிக்கும்போது மட்டும்.

கல்லுக்காரன்

அப்படியென்றால் என் கட்சிதான் போலிருக்கிறது. பதின்ம வயதிலிருந்து எனக்கு டான்சில் கல் உண்டு, அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

டான்சிலின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்காது, குட்டிக் குட்டிக் குழிகள் நிறைய இருக்கும். சிலருக்கு அவை ஆழம். அதில் உணவுத் துணுக்கு, உதிர்ந்த செல்கள், சளி எல்லாம் தங்கும். அங்கே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் குடியேறி அதைச் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் வரும். வாயில் வீசுகிற அழுகல் வாடை அதுதான். நாள்பட நாள்பட கால்சியம் படிந்து இறுகும். கல் என்று பெயரே தவிர, பெரும்பாலும் பாலாடைக்கட்டி பதத்தில்தான் இருக்கும். ஒருநாள் இருமும்போதோ தும்மும்போதோ தானாக வாய்க்குள் வந்து விழும். விரல் நடுவில் வைத்து நசுக்கினால் அந்த நாற்றம் இருக்கிறதே, கை கழுவினாலும் சட்டென்று போகாது.

தொற்று இல்லை, மற்றவருக்குப் பரவாது. விழுங்கிவிட்டாலும் ஒன்றும் ஆகாது. பெரியவர்களிடமும் பதின்ம வயதினரிடமும்தான் அதிகம் பார்க்கலாம், சின்னப் பிள்ளைகளிடம் குறைவு. அதனால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லதுதான். ஆன்டிபயாடிக் கொடுத்துக் கரைக்கலாம் என்று நினைத்தால் அது நடக்காத காரியம்.

இரு_பிள்ளை_அப்பா

காட்டன் பட்ஸ் வைத்து பக்கத்தில் மெதுவாக அழுத்தினால் வெளியே வந்துவிடும். நான் எனக்கு அப்படித்தான் எடுப்பேன். பையனுக்கும் ஒரு தடவை எடுத்திருக்கிறேன், இரண்டு நிமிட வேலை.

வார்டு_அக்கா

உங்களுக்கு நீங்கள் எடுப்பது உங்கள் விருப்பம். 7 வயதுப் பிள்ளைக்கு எடுக்கச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். டான்சிலில் ரத்த ஓட்டம் அதிகம், சின்னக் கீறலுக்கே பயமுறுத்துகிற அளவு ரத்தம் வரும். குழந்தை உவ்வே என்று தலையை ஆட்டினால் குச்சி எங்கே போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. பட்ஸின் பஞ்சு கழன்று தொண்டைக்குள் போனால் அது தனிக் கதை. ஹேர்பின், பல் குத்தும் குச்சி, விரல் நகம் என்று எல்லாக் காயத்தையும் பார்த்திருக்கிறேன்.

மாமியார் அவர்களிடம் சொல்லுங்கள், துணி சுற்றிய விரலும் இதில் அடக்கம். வெள்ளை என்பது கல்லாக இல்லாமல் தொற்றின் படலமாக இருந்தால் வழித்தால் புண்தான் ஆகும்.

இரு_பிள்ளை_அப்பா

எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன். குழந்தைக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன்.

நீலாம்பல்

எங்கள் கதை இதற்கு நேர்மாறு, அதனால் எழுதுகிறேன். மகனுக்கு 9 வயது. திடீரென்று 39 டிகிரி காய்ச்சல், தலைவலி, வயிற்று வலி, எச்சில் விழுங்கவே அழுதான். டான்சில் ரத்தச் சிவப்பு, மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டு. இருமலே இல்லை. மருத்துவர் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து அங்கேயே பரிசோதித்தார், சில நிமிடத்தில் ஸ்ட்ரெப் (தொண்டையைத் தாக்கும் ஒரு பாக்டீரியா) என்று வந்துவிட்டது. மருந்து ஆரம்பித்த மறுநாளே ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

இதில் ஒரு குழப்பம். இதற்கு முன்பு வேறோர் இடத்தில் காட்டியபோது ஏ.எஸ்.ஓ ரத்தப் பரிசோதனை எடுத்து, அளவு கூடியிருக்கிறது என்று மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும் என்றார்கள். அப்போது அவனுக்குத் தொண்டை வலிகூட இல்லை. இரண்டாவது மருத்துவர் தேவையில்லை என்றார். யார் சொல்வது சரி?

ஸ்டெத்தும்_நானும்

குழந்தைகள் மருத்துவராக வேலை பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் இது இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் எப்படி யோசிப்போம் என்பதைச் சொல்கிறேன், மருத்துவரிடம் கேள்வி கேட்க உதவும்.

காய்ச்சலோடு டான்சில் சிவந்து வெள்ளை படர்ந்தால் அது அழற்சி. மக்கள் நினைப்பதுபோல வெள்ளை இருந்தாலே பாக்டீரியா என்று இல்லை. அடினோ வைரஸும் எப்ஸ்டீன் பார் வைரஸும் அதே வெள்ளையைக் கொண்டுவரும். தொண்டை வலியோடு வரும் பிள்ளைகளில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பேருக்குத்தான் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கும், மீதி பெரும்பாலும் வைரஸ். 3 வயதுக்குக் கீழே ஸ்ட்ரெப் அபூர்வம், 5 முதல் 15 வயதுதான் அதன் பருவம்.

38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இருமல் இல்லாமை, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறி, வீங்கிய அல்லது வெள்ளை படிந்த டான்சில். இவை சேரச் சேர ஸ்ட்ரெப் சந்தேகம் கூடும். மாறாக மூக்கு ஒழுகல், இருமல், கரகரப்பான குரல், கண் சிவப்பு இருந்தால் வைரஸ் பக்கம் சாயும். ஆனால் அனுபவசாலிகளே கண்ணால் பார்த்து ஏமாறுகிற இடம் இது, ஆகவே சந்தேகம் இருந்தால் தொண்டைத் தடவல் பரிசோதனை. உடனடிப் பரிசோதனை நிமிடங்களில் முடியும், கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஓரிரு நாள்.

ஸ்ட்ரெப் உறுதியானால் பெனிசிலின் அல்லது அமோக்சிசிலின், வழக்கமாக 10 நாள். மூன்றாம் நாளே பிள்ளை ஓட ஆரம்பித்துவிடும், அங்கேதான் பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். தொண்டை வலி எப்படியும் சில நாளில் போகும், நாங்கள் 10 நாள் கொடுப்பது ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்க. அது இதய வால்வைக் கெடுக்கும். தொண்டை வலி ஆரம்பித்து 9 நாளுக்குள் மருந்து தொடங்கினாலும் அதைத் தடுக்கலாம். ஆகவே பரிசோதனை முடிவுக்காக ஒருநாள் காத்திருப்பதால் குடி முழுகாது.

நீலாம்பல், உங்கள் கேள்வி. ஏ.எஸ்.ஓ என்பது எப்போதோ ஸ்ட்ரெப் வந்து போனதற்கு உடல் வைத்திருக்கும் அடையாளம். தொற்று வந்து ஒரு வாரம் கழித்துத்தான் ஏறவே ஆரம்பிக்கும், 3 முதல் 6 வாரத்தில் உச்சம், அப்புறம் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். பள்ளிப் பிள்ளைகள் பலருக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மூட்டு வீக்கமோ இதயத்தில் பிரச்சினையோ இருக்கும்போது அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. தொண்டை வலிகூட இல்லாத பிள்ளைக்கு அந்த எண்ணை மட்டும் வைத்து மாதாமாதம் ஊசி போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எந்த நேரத்திலும் காத்திருக்கக் கூடாத நிலைமைகள் உண்டு: மூச்சுவிடச் சிரமம், எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, வாயைத் திறக்க முடியாதது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போன்ற குரல், ஒரு பக்கம் மட்டும் வீங்கி உள்நாக்கு மறுபக்கம் தள்ளப்படுவது, கழுத்தைத் திருப்ப முடியாதது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இவை இருந்தால் நேராக அவசரப் பிரிவு. தடுப்பூசி சரியாகப் போடாத பிள்ளைக்குச் சாம்பல் வெள்ளையில் தோல் போல ஒட்டிய படலம் தெரிந்து, கழுத்தும் தடித்தால் தொண்டை அடைப்பான் நோயா என்று பார்க்க வேண்டும். அந்தப் படலத்தைத் தொடவே கூடாது.

மழைத்துளி, உங்கள் மகளுக்கு இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை. நிதானமாக நாள் குறித்துப் போகலாம். முதலில் குழந்தை மருத்துவர் போதும், தேவைப்பட்டால் அவர் அனுப்புவார்.

தெற்குக்காற்று

டாக்டர், காய்ச்சல் இருக்கும்போது வலிக்கு வீட்டில் என்ன கொடுக்கலாம்?

ஸ்டெத்தும்_நானும்

பாராசிட்டமால், எடைக் கணக்கில்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், வேளைக்கு வேளை 4 முதல் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். பாட்டிலில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று படித்துவிட்டு ஊற்றுங்கள், சொட்டு மருந்தும் சிரப்பும் செறிவில் வேறு. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. சாப்பிடாவிட்டால் பரவாயில்லை, தண்ணீர் குறையாமல் பாருங்கள். 1 வயது தாண்டியிருந்தால் தேன் கொடுக்கலாம்.

வேப்பநிழல்

குறுக்கே வருகிறேன். அடிக்கடி வருகிறது என்றால் டான்சிலை எடுத்துவிடலாமே? எங்கள் சின்ன வயதில் எல்லோருக்கும் எடுத்தார்களே.

வார்டு_அக்கா

அந்தக் காலம் போய்விட்டது. இப்போது பொதுவாகக் கையாளும் கணக்கு: ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 வருடம் வருடத்துக்கு 5, அல்லது 3 வருடம் வருடத்துக்கு 3. அதுவும் சும்மா தொண்டை கரகரப்பு இல்லை, ஒவ்வொரு முறையும் தொண்டை வலியோடு காய்ச்சல், நெறி, வெள்ளை, ஸ்ட்ரெப் முடிவு இவற்றில் ஒன்றாவது இருந்தது என்று மருத்துவர் பதிவு இருக்க வேண்டும். அதனால்தான் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்கிறோம். இப்போது நிறைய அறுவை சிகிச்சை தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதற்காக நடக்கிறது. பெரிய டான்சில் என்பதற்காக மட்டும் எடுப்பதில்லை. பள்ளி சேரும் வயதை ஒட்டித்தான் அது உடம்பில் பெரிதாக இருக்கும், அப்புறம் சுருங்கும்.

நீலாம்பல்

என் அக்கா மகளுக்கு எடுத்தார்கள், இரவில் மூச்சுத் திணறலுக்காக. அறுவை முடிந்து தொண்டையைப் பார்த்த அக்கா ஆடிப்போய்விட்டாள், டான்சில் இருந்த இடம் முழுக்க வெள்ளை.

வார்டு_அக்கா

எல்லாத் தாய்மாரும் கேட்பது அது. புண் ஆறும்போது மேலே படியும் பொருக்கு, சீழ் இல்லை. வாடையும் அடிக்கும். சுமார் 5 முதல் 10 நாளில் அது உதிரும், அப்போதுதான் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு அதிகம். சிவப்பாக ரத்தம் துப்பினாலோ, தூக்கத்தில் திரும்பத் திரும்ப எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே மருத்துவமனை.

மழைத்துளி

போய்க் காட்டிவிட்டோம். குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். கல்தான், ஆனால் முழுதாகக் கல் ஆகாத பதம் என்றார். எடுக்கவில்லை. கையோடு எடுத்துவிடலாமே என்று கேட்டேன், வலியில்லாத ஒன்றுக்காகக் குழந்தையைப் பயமுறுத்தினால் அடுத்த முறை வாயே திறக்காது என்றார். ஆன்டிபயாடிக் எழுதவில்லை.

அவர் அதிக நேரம் பார்த்தது மூக்கைத்தான். ஒவ்வாமையால் மூக்கு அடைத்து, சளி பின்பக்கமாகத் தொண்டையில் இறங்குகிறதாம். வாயால் மூச்சுவிடுவதால் வாய் உலர்ந்துபோகிறது, குழிகளில் அதெல்லாம் தங்குகிறது. மூக்குக்கு ஒரு ஸ்ப்ரே, சாப்பிட்டதும் வாய் கொப்பளித்துத் தொண்டையில் களகளவென்று வைத்துத் துப்புவது, நாக்கையும் சேர்த்துத் தேய்ப்பது, நிறையத் தண்ணீர். அவ்வளவுதான். குறட்டை தினமும் வந்தாலோ, தூக்கத்தில் மூச்சு நிற்பதுபோலத் தோன்றினாலோ வீடியோ எடுத்து வரச் சொன்னார். ஒரு பக்க டான்சில் மட்டும் வளர்ந்துகொண்டே போனாலும் வர வேண்டும் என்றார்.

தொண்டையில் தண்ணீரை வைத்திருக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லை, விழுங்கிவிடுகிறாள்.

கல்லுக்காரன்

முதலில் வெறும் தண்ணீரில் பழக்குங்கள். ஒரு வாய் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துப் பிடித்த பாட்டின் மெட்டைத் தொண்டையால் பாடச் சொல்லுங்கள். பிடிபட்டதும் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. எனக்குக் கல் வருவதைக் குறைத்தது இதுதான்.

புதுவரவு_27

இந்த இழையைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். மகனுக்கு 6 வயது, ஒரு வாரமாகக் காய்ச்சல், டான்சில் இரண்டும் வெள்ளை மூடியிருக்கிறது, கழுத்தின் பின்பக்கமும் நெறி, ஒரே அசதி. பரிசோதனை எதுவும் இல்லாமல் அமோக்சிசிலின் கொடுத்தார்கள். காய்ச்சல் குறையவில்லை, இன்று உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. மருந்து அலர்ஜியா?

ஸ்டெத்தும்_நானும்

உதடோ முகமோ வீங்கியிருந்தால், மூச்சு இழுத்தால் இப்போதே அவசரப் பிரிவு. இல்லையென்றால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எப்ஸ்டீன் பார் வைரஸாகவும் இருக்கலாம். அதில் அமோக்சிசிலின் கொடுத்தால் இப்படித் தடிப்பு வருவது தெரிந்த விஷயம், அதை வைத்து ஆயுசுக்கும் பெனிசிலின் ஒத்துக்காது என்று எழுதிவிடக் கூடாது. தடிப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை வேண்டுமா, மண்ணீரல் பெருத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

புதுவரவு_27

மருத்துவரைப் பார்த்தோம். ரத்தத்தில் அந்த வைரஸ்தான் என்று வந்தது. ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார்கள், ஓய்வும் தண்ணீரும்தான் மருந்து. மண்ணீரல் கொஞ்சம் பெருத்திருக்கிறது. பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்று கேட்க மறந்துவிட்டேன்.

வார்டு_அக்கா

காய்ச்சல் விட்டு, சாப்பிட்டு, நடமாடத் தெம்பு வந்ததும் வகுப்புக்கு அனுப்பலாம். அசதி சில வாரம் இழுக்கும், திட்டாதீர்கள். விளையாட்டு மைதானம் மட்டும் வேண்டாம், பெருத்த மண்ணீரலில் அடிபடக் கூடாது: இடித்துத் தள்ளும் விளையாட்டு, மரம் ஏறுதல், மல்யுத்தம் எல்லாம் குறைந்தது 3, 4 வாரத்துக்குத் தள்ளி வையுங்கள், மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகுதான். வகுப்பாசிரியரிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உடற்பயிற்சி வகுப்பில் ஓட விட்டுவிடுவார்கள். இடது பக்க மேல்வயிற்றில் திடீர் வலி வந்தால் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். தண்ணீர் பாட்டில் தனியாக, யாருடனும் பகிர வேண்டாம் என்று அவனிடமும் சொல்லி அனுப்புங்கள்.